பூனைக்கு யார் நூறு சொல்வது?

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சளி பிடித்து ஏழு மாதமாகிறது. ஐப்பசி மழையில் ஆரம்பித்த தும்மல், பங்குனி வெயிலிலும் நிற்கவில்லை. ஒரு மூச்சில் பத்துப் பன்னிரண்டு தும்மல். மூக்கிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகச் சளி தெறித்துச் சுவரில் ஒட்டும். வலது கண்ணில் எப்போதும் நீர்.

"இத கொண்டுபோய் மீன் எறங்குற எடத்துல விட்டுட்டு வாடா. அங்க நாலு பூனையோட பூனையா கெடக்கும்" என்றாள் அம்மா. அவளுக்கும் மனசில்லை என்பது தெரியும். ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வீட்டில் குழந்தை தும்மினால் "நூறு" என்று வாழ்த்துகிறோம். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". இந்த வழக்கம் பழசு. தும்மியவனை வாழ்த்திவிட்டு, யார் நினைத்ததால் தும்மினாய் என்று ஊடும் பெண்ணை வள்ளுவர் காமத்துப்பாலில் வைத்திருக்கிறார். பூனைக்கு யாரும் நூறு சொல்வதில்லை. அந்த வாழ்த்துக்குள் பூனை ஏன் வரவில்லை என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

தமிழில் பூனை புதிய விலங்கல்ல. தொல்காப்பிய மரபியல், கீரி, வெருகு, எலி, அணில் நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்று பெயர் சொல்கிறது. வெருகு என்பது காட்டுப் பூனை. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை நேரத்தில் வெருகைக் கண்டு பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழியைக் காட்டுகிறார். அங்கே அது கோழி திருட வரும் பிராணி, வளர்ப்பு மிருகம் இல்லை. இன்று நம் மடியில் படுப்பது வேறு. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்த அது, மனிதனின் தானியத்தையும் தானியத்துக்கு வந்த எலியையும் நம்பிக் கப்பல் ஏறி உலகம் சுற்றியது. இருநூறுக்கும் மேற்பட்ட பழங்காலப் பூனைகளின் மரபணுவை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, எகிப்தியப் பூனை வழி ஒன்று பால்டிக் கடலோர வைக்கிங் துறைமுகம் வரை போயிருப்பதைக் காட்டியது.

கப்பல் என்றால் எங்கள் கடற்கரைக்கும் பங்கு உண்டு. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி, அதற்கும் வடக்கே பூம்புகார், தெற்கே நாகப்பட்டினம். ரோமானியர் காலத்தில் இந்தக் கரைகளுக்கு எதிர்முனையில் இருந்தது எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகே. அங்கே தமிழ் பிராமியில் 'கொறபூமான்' என்று எழுதிய ஜாடித் துண்டு கிடைத்தது. இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. ஊருக்கு வெளியே சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழைய செல்லப்பிராணிகளின் இடுகாடும் கிடைத்தது. மார்த்தா ஒசிபின்ஸ்கா குழுவினர் அங்கே 585 பிராணிகளின் எலும்புகளைக் கண்டார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்பு வளையம், மணிகள். இந்தியாவிலிருந்து போன குரங்குகளும் அங்கே புதைக்கப்பட்டிருந்தன. பல்லில்லாமல் நோயோடு வெகுநாள் வாழ்ந்த பிராணிகளும் அங்கே உண்டு. யாரோ மெனக்கெட்டுச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த ராத்திரி, மீன் இறங்குதளம் பற்றி அம்மாவிடம் பேச எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆனால் மருத்துவத்தின் வரலாறு வேறு மாதிரி போயிருக்கிறது. யானைக்கும் குதிரைக்கும் மாட்டுக்கும் நம்மிடம் வாகடங்கள் உண்டு. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி நடத்திய தன்வந்திரி மகாலில் மனிதரோடு விலங்குகளுக்கும் வைத்தியம் நடந்தது. படைக்கும் ஏருக்கும் ஆகிற விலங்குகளுக்குத்தான் ஏடு எழுதப்பட்டது. பிரான்சிலும் இதே கதைதான். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 22 ஆண்டு கழித்து, 1761-இல், குளோத் பூர்ழெலா லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். குதிரையும், மாட்டுக் கொள்ளைநோயும்தான் அதற்குக் காரணம். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வர 1903 ஆனது. எங்கள் டெல்டாவில் கால்நடை என்றால் உம்பளாச்சேரி மாடு, அப்புறம் ஆடு. பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது வரிசையில் நின்றவர் சிரித்தார். "பூனைக்கெல்லாமா தம்பி வைத்தியம்? அதுக்கு ஒம்போது உசுரு."

ஒன்பது உயிர் இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் இதே போல ஒரு பூனை வீட்டில் தும்மியது. காய்ச்சலாக இருக்கும் என்று அரை பாரசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். ராத்திரிக்குள் முகம் வீங்கியது. ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கி, விடியற்காலையில் செத்துப்போனது. சளி முற்றிச் செத்தது என்றே நெடுநாள் நம்பினேன். அந்த மருந்தைப் பக்குவமாக உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் சரியாக வேலை செய்யாது. அதற்கான மரபணு, மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பே, பூனைக் குடும்பத்தில் பழுதாகிவிட்டது. கறி மட்டுமே தின்னும் பிராணிக்குச் செடிகளின் நச்சை முறிக்கும் நொதி தேவைப்படவில்லை என்பது விளக்கம். மிச்சமான மருந்து ரத்தச் சிவப்பணுவைக் கெடுத்துவிடும், பிராணவாயு ஏறாது. அரை மாத்திரையே ஒரு பூனைக்கு எமன். தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எல்லாமே இதே ரகம். மூக்கில் தடவினால் நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பூனைச் சளியை அறிவியல் கண்டுகொண்டது மிகத் தாமதமாக. பிரான்சில் வெர்ஜும் கிறிஸ்டோஃபொரோனியும் 1928-இல் பூனைகளின் கொடிய வயிற்றுப்போக்குக்கு வைரஸ் காரணம் என்று காட்டினார்கள். 1942-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பேக்கர், பூனைகளின் கண்ணையும் மூக்கையும் தாக்கும் கிருமி ஒன்றைப் பிரித்தார். அவர் வைரஸ் என்று நினைத்த அது, இன்று கிளமிடியா என்னும் பாக்டீரியா வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தில் 1957-இல் காலிசி வைரஸ் பிடிபட்டது. 1958-இல் கிராண்டலும் மாரரும் பூனை ஹெர்பிஸ் வைரஸைப் பிரித்தார்கள். பூனைச் சளியில் பெரும்பகுதி இந்தக் கடைசி இரண்டின் வேலை. காரைக்கால் 1954 நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சி முழுக்க எங்கள் ஊர்ப் பூனைகள் பேர் தெரியாத நோயில்தான் தும்மியிருக்கின்றன. எதிர் வீட்டு சொல்தா தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பூனையைப் பார்த்தால் "மினு, மினு" என்று பிரெஞ்சில் கூப்பிடுவார். அவரும் நோய்க்குச் சொன்ன மருந்து அடுப்புச் சாம்பல்தான்.

கடைசியில் எங்களுக்கு ஒரு நல்ல மருத்துவர் அம்மா கிடைத்தார். முதலில் கேட்டது, "ரெண்டு மூக்கிலயும் வருதா, ஒரு பக்கமா?" ஒரு பக்கம் மட்டும் என்றால் பல் வேரில் சீழ், சதை வளர்ச்சி, பூஞ்சை, கட்டி என்று வேறு வழியில் தேட வேண்டுமாம். இதற்கு இரண்டு பக்கமும். குட்டியில் வந்த ஹெர்பிஸ், மூக்கின் உள்ளே சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய எலும்புகளை அரித்திருக்கும் என்றார். அரித்தது மறுபடி வளராது. அங்கே சளி தேங்கும், பாக்டீரியா குடியேறும்.

"அப்ப குணமாகாதா டாக்டர்?"

"கொணமாகாதுங்க, கட்டுப்படும். வைரஸ் நரம்பு முடிச்சுக்குள்ள போய்த் தூங்கிக்கிட்டிருக்கு. பயந்தாலோ, எடம் மாறினாலோ முழிச்சுக்கும். ஒரு வாரம் கழிச்சுத் தும்மல் வரும்."

எண்ணிப் பார்த்தேன். தும்மல் தொடங்கியது தீபாவளி வெடிக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து. மீன் இறங்குதளத்தில் கொண்டுபோய் விட்டிருந்தால், அந்தப் பயத்தில் வைரஸ் முழித்து, அங்கே இருக்கிற நாலு பூனைக்கும் போயிருக்கும். மனிதருக்கு இந்த ஹெர்பிஸ் வராது, குழந்தைக்குப் பயமில்லை, கை கழுவினால் போதும் என்றும் சொன்னார். அம்மா அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

டாக்ஸிசைக்ளின் எழுதினார். மாத்திரை கொடுத்ததும் நாலைந்து மில்லி தண்ணீர் கொடுக்கச் சொன்னார், இல்லாவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாகிச் சுருங்கிவிடும். லைசின் பொடி பற்றி நான் கேட்டதற்கு, 2015-இல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் அதனால் பலனில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். தடுப்பூசி நோய் தொற்றுவதைத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். மற்றதெல்லாம் கைவேலை: வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் உட்கார வைப்பது, ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைப்பது. முக்கியமானது சாப்பாடு. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து.

இப்போது தும்மல் முழுதாக நிற்கவில்லை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்று குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு உள்ளறையில் பூட்டி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, கூடவே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா இன்னும் அதற்கு நூறு சொல்வதில்லை. "பீடை, சொவரெல்லாம் சளி" என்று திட்டிக்கொண்டே, காலையில் முள் எடுத்த மத்தியை, வாசனை எழும்பும் சூட்டுக்கு, வெதுவெதுப்பாக வைத்துக் கொடுக்கிறாள்.