ஊரே 'ஆமாம்' சொன்ன அன்னிக்கு

மோட்டார் சைக்கிள்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆஸ்திரியாவில், ஜெர்மன் எல்லையை ஒட்டி சாங்க்ட் ராடெகுண்ட்னு ஒரு சின்ன கிராமம். அந்த ஊருக்கு முதன்முதலா மோட்டார் சைக்கிள் கொண்டு வந்தவர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். விவசாயி. 1907-ல் பிறந்தவர். வாலிப வயசுல அடிதடி எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பெண் குழந்தை. இந்த ஆளுக்கு ஒருநாள் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் பட்டம் கொடுக்கும்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்.

1936-ல் ஃப்ரான்சிஸ்காவைக் கல்யாணம் செய்தார். தேனிலவுக்குப் போனது ரோமுக்கு! மூணு பெண் குழந்தைகள். மனைவியோடு சேர்ந்து பைபிள் வாசிப்பு, தினமும் பூசைன்னு ஆள் மெல்ல மெல்ல மாறினார். பின்னாடி கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஏப்ரல் 10-ல் அதுக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு. ஊரில் 'இல்லை'ன்னு ஓட்டு போட்டவர் இவர் ஒருத்தர்தான். அதையும் மறைச்சு, நூத்துக்கு நூறு 'ஆமாம்'னு கணக்கு எழுதி அனுப்பிட்டாங்க. அதே வருஷ ஆரம்பத்துல அவருக்கு ஒரு கனவு. அழகான ரயில் ஒண்ணு மலையைச் சுத்தி வருது. பெரியவங்க, குழந்தைங்க எல்லாரும் ஓடி ஓடி ஏறுறாங்க. இது நரகத்துக்குப் போற ரயில்னு ஒரு குரல் கேட்குது. அந்த ரயில்தான் நாஜி கட்சின்னு பிற்பாடு புரிஞ்சுகிட்டதா அவரே எழுதி வச்சிருக்கார்.

1940-ல் ராணுவத்துக்கு இழுத்தாங்க. பயிற்சிக்குப் போனார். மனநலம் குன்றியவர்களை நாஜிகள் கொல்றது அங்கேதான் காதுக்கு வந்தது. 1941-ல் வயல் வேலைக்காகத் திரும்பி வந்தவர், இனி கூப்பிட்டா போக மாட்டேன்னு முடிவு பண்ணிட்டார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இனிமேதான். சிங்கத்துக்கு முன்னால நின்ன ஆதிகால வேதசாட்சிகளுக்கு, பின்னால ஒரு சபை நின்னது. இவருக்கு? பங்குச் சாமியார்கள் வேண்டாம்னாங்க. அம்மா அழுதாங்க. கடைசியில் லின்ஸ் நகர ஆயரையே போய்ப் பார்த்தார். 'அரசு செய்யறதுக்கு நீ பொறுப்பில்லை, குடும்பத்தைப் பார்'ங்கிறதுதான் ஆயரின் பதிலின் சாரம். தன்னை நாஜி உளவாளின்னு நினைச்சுப் பயந்துட்டார் போலன்னு, வெளியே காத்திருந்த மனைவிகிட்ட வருத்தமா சொன்னாராம். ஆயரைத் திட்டறது இன்னிக்கு சுலபம். ஆனா ஆறு வயசைத் தாண்டாத மூணு பெண் குழந்தைகளோட அப்பாகிட்ட நாம மட்டும் வேற என்ன சொல்லியிருப்போம் மக்களே?

இவர் மேடை ஏறி முழங்கலை. துண்டுப் பிரசுரம் போடலை. 1943 மார்ச் 1 அன்னிக்கு என்ஸ் ராணுவ முகாமுக்குப் போய், ஆயுதம் எடுக்க மாட்டேன்னு சொன்னார். அவ்வளவுதான். காயம்பட்டவங்களைக் கவனிக்கிற வேலை கொடுத்தா செய்றேன்னும் சொல்லிப் பார்த்தார், எடுபடலை. ஜூலை 6-ல் பெர்லினில் மரண தண்டனை விதிச்சாங்க. சிறையில் ஒரு சாமியார் வந்து, போன வருஷம் ஃப்ரான்ஸ் ரைனிஷ்னு ஒரு குருவானவரும் இதே காரணத்துக்காக உயிரை விட்டார்னு சொன்னப்போ, அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. யோசிச்சுப் பாருங்க, தான் மட்டும் கிறுக்கன் இல்லைன்னு தெரிஞ்சுக்கவே சாவுக்குப் பக்கத்துல வர வேண்டியிருந்திருக்கு! ஆகஸ்ட் 9-ல், பிராண்டன்பர்க்கில் கில்லட்டினில் தலையை வெட்டினாங்க.

முதல்ல தடுத்துப் பார்த்தவங்கதான் ஃப்ரான்சிஸ்கா. எல்லாரும் கைவிட்டப்போ, தானும் எதிர்த்தா அவருக்கு யாருமே இல்லைன்னு கூடவே நின்னாங்க. அதுக்கான விலையையும் அவங்கதான் கட்டினாங்க. குடும்பத்தை நட்டாத்துல விட்டுட்டான்னு ஊர் பேசிச்சு. போர் விதவைகளுக்கான ஓய்வூதியம் 1950 வரைக்கும் கிடைக்கலை. 1946-ல் மறைமாவட்டப் பத்திரிகையில் இவரைப் பத்தி ஒரு கட்டுரை வரவேண்டியது. அதைத் தடுத்தது அதே ஆயர். கடமைன்னு நம்பிப் போருக்குப் போய்ச் செத்தவங்கதான் பெரிய வீரர்கள்ங்கிறது அவர் கணக்கு.

கோர்டன் சான்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர் 1964-ல் புத்தகம் எழுதின பிறகுதான் வெளியுலகத்துக்கே பேர் தெரிஞ்சது. 1997-ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ல், அதே லின்ஸ் நகரத்தில் அருளாளர் பட்டம். 94 வயசு ஃப்ரான்சிஸ்கா நேரில் இருந்து பார்த்தாங்க. 2013 மார்ச்சில், நூறு வயசு நிறைஞ்ச சில நாளில் காலமானாங்க.