சேவைநோக்கு மென்பொருள் கட்டமைப்பின் வளர்ச்சியில் சஞ்சீவ வீரவரணவின் பங்களிப்பு

முன்னுரை

வெவ்வேறு நிரலாக்க மொழிகளில் எழுதப்பட்டு, வெவ்வேறு நிறுவனங்களில் இயங்கும் மென்பொருள்கள் வலையமைப்பின் வழியாக ஒன்றன் பணியை மற்றொன்று கேட்டுப் பெறுமாறு அமைப்பதே சேவைநோக்குக் கட்டமைப்பு ஆகும். இத்துறையின் அடிப்படைத் தரநிலைகள் சிலவற்றை வகுத்தவர்களுள் இலங்கைக் கணினி அறிவியலாளர் சஞ்சீவ வீரவரணவும் ஒருவர். ஒரு சேவை எதை ஏற்கும், எதைத் தரும் என்னும் உடன்பாட்டை எங்கு, எவ்வாறு எழுதி வைப்பது என்ற ஒரே வினா அவருடைய பணிகளை இணைக்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சேவை விவரிப்பு

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்ற வீரவரண, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். அக்காலத்தில் சோப் நெறிமுறை, செய்தியைச் சுமந்து செல்லும் உறையை வரையறுத்திருந்தது. சேவையின் இயல்பை விவரிக்க ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகியன தனித்தனி மொழிகளைக் கொண்டிருந்தன. அவற்றை ஒருங்கிணைத்து உருவானதே டபிள்யூ.எஸ்.டி.எல். என்னும் வலைச்சேவை விவரிப்பு மொழி. 2001 மார்ச்சில் வெளியான அதன் 1.1 பதிப்பின் ஆசிரியர்கள் நால்வருள் வீரவரணவும் ஒருவர்.

இம்மொழி விவரிப்பை இரு கூறாகப் பிரித்தது. செய்திகளும் செயல்களும் கருத்துநிலைக் கூறு. அவற்றைக் கொண்டுசெல்லும் நெறிமுறையும் முகவரியும் நடைமுறைக் கூறு. நெறிமுறை மாறினும் உடன்பாடு மாறாதிருக்க வேண்டும் என்பதே இப்பகுப்பின் நோக்கம். 2007 ஜூனில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த 2.0 பதிப்பின் பதிப்பாசிரியர்களுள்ளும் அவர் இடம்பெற்றார்.

செயல்முறையும் செயலாக்கமும்

தனிச்சேவைகளைக் கோத்து வணிகச் செயல்முறையாக்கும் பி.பி.இ.எல். மொழி 2002இல் வெளியானது. அதன் உருவாக்கத்திலும் வீரவரண பங்கேற்றார். எழுதப்பட்ட தரநிலை, எவரும் பயன்படுத்தத்தக்க செயலாக்கம் இன்றிப் பயன்தராது. அப்பாச்சி ஆக்சிஸ்2 உள்ளிட்ட திறந்தமூலத் திட்டங்களில் அவர் ஈடுபட்டமைக்கு இப்பின்னணி உண்டு. அவர் நிறுவிய லங்கா மென்பொருள் அறக்கட்டளை, இலங்கை நிரலாளர்களை இத்திட்டங்களில் பங்கேற்கச் செய்தது. 2005இல் அவர் பிறருடன் இணைந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு உருவாகி, 2019இல் 1.0 பதிப்பை எட்டிய பாலரினா நிரலாக்க மொழியில் சேவை என்பது மொழியின் அடிப்படைக் கூறாகவே அமைந்தது. தனி ஆவணமாக இருந்த உடன்பாடு இதனால் நிரலுக்குள்ளேயே இடம்பெற்றது.

மதிப்பீடு

வலைச்சேவைத் தரநிலைகள் மிகுந்த சிக்கலுடையவை என்னும் குறைகூறல் புறந்தள்ளத்தக்கதன்று. ராய் ஃபீல்டிங் 2000இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த ரெஸ்ட் முறையைச் சார்ந்த எளிய இடைமுகங்கள் பின்னர்ப் பரவலாயின, டபிள்யூ.எஸ்.டி.எல். 2.0 பரந்த வழக்குப் பெறவில்லை. எனினும் இன்று பெருவழக்காக உள்ள ஓப்பன் ஏ.பி.ஐ. விவரிப்பும் இயந்திரம் படிக்கத்தக்க உடன்பாடே. அது எச்.டி.டி.பி. நெறிமுறையைச் சார்ந்தே அமைகிறது. ஆகவே, நெறிமுறையினின்று உடன்பாட்டைப் பிரிக்கும் கொள்கை பின்தங்கியது. உடன்பாட்டை முறைப்பட எழுத வேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது.

முடிவுரை

ஒரு தரநிலை வழக்கொழிந்தமையை மட்டும் கொண்டு அதனை வகுத்தோரின் பங்களிப்பை அளவிடுதல் பொருந்தாது. அது எழுப்பிய வினா அடுத்த தலைமுறைக் கருவிகளில் எவ்வாறு தொடர்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வகையில் வீரவரணவின் பணி, மென்பொருள் வரலாற்றாய்வில் தனியே ஆராயத்தக்கதாகும்.