ஆட்சியாளரின் முகம் இல்லாத சிற்பம்
பக்தாத் சுதந்திர நினைவுச் சின்னமும் அதன் பின்னுள்ள சிந்தனையும்

2003 ஏப்ரல் 9ஆம் திகதி, பக்தாதின் பிர்தௌஸ் சதுக்கத்தில் ஸதாம் ஹுஸைனின் வெண்கலச் சிலை வீழ்த்தப்பட்ட காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அமெரிக்கப் படையினரின் கவச வாகனமொன்று சங்கிலி பூட்டி இழுக்க, ஏறத்தாழ 12 மீற்றர் உயரச் சிலை முன்புறமாகச் சரிந்தது. அது நிறுவப்பட்டு ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. ஸதாமின் 65ஆவது பிறந்தநாளை முன்னிட்டு 2002 ஏப்ரலில் எழுப்பப்பட்ட சிலை அது.

அதே நகரில், தஹ்ரீர் சதுக்கத்தில், 1961 முதல் இன்னொரு வெண்கலப் படைப்பு நிற்கிறது. மன்னராட்சிக்குப் பின் ஈராக்கில் வந்த அத்தனை ஆட்சிகளையும், மூன்று பெரும் போர்களையும், ஓர் ஆக்கிரமிப்பையும் அது கண்டிருக்கிறது. எவரும் அதற்குச் சங்கிலி பூட்டவில்லை. ஒன்று ஒரு வருடத்தில் வீழ்ந்ததற்கும் மற்றையது அறுபது வருடங்களைக் கடந்து நிற்பதற்கும் காரணம் வெண்கலத்தின் தரம் அன்று. அவற்றின் பின்னுள்ள சிந்தனையே. அரபியில் 'நஸ்புல் ஹுர்ரிய்யா' என வழங்கும் அந்தச் சுதந்திர நினைவுச் சின்னத்தின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டியதன் அவசியம் இங்கேதான் இருக்கிறது.

பொதுவிடத்தில் சிலை வைக்கும் வழக்கம் நவீன பக்தாதுக்கு ஆங்கிலேயர்களோடு வந்தது. 1917இல் நகரைக் கைப்பற்றிய ஜெனரல் மோட் குதிரையில் அமர்ந்திருக்கும் சிலை 1923இல் பிரித்தானியத் தூதரகத்தின் முன்னால் நிறுவப்பட்டது. பத்து வருடங்களின் பின் மன்னர் பைஸலின் குதிரைச் சிலை வந்தது. அதை வடித்தவர் இத்தாலியச் சிற்பி பியத்ரோ கனோனிக்கா. வென்றவரும் ஆண்டவரும் குதிரைமேல், மக்கள் கீழே என்பதே அச்சிலைகளின் இலக்கணம். 1958 ஜூலை 14ஆம் திகதி அப்துல் கரீம் காஸிம் தலைமையில் இராணுவப் புரட்சி நடந்து மன்னராட்சி வீழ்ந்தபோது, மக்கள் திரண்டு சென்று அவ்விரு சிலைகளையும் அன்றே தகர்த்தனர்.

வெறுமையான பீடங்களை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி புதிய குடியரசின் முன் எழுந்தது. கட்டடக் கலைஞர் ரிஃபஅத் சாதிர்ஜியிடமும் சிற்பி ஜவாத் ஸலீமிடமும் அதற்கான விடை இருந்தது.

ஜவாத் ஸலீமின் பெற்றோர் மொஸூலைச் சேர்ந்தவர்கள். தந்தை உஸ்மானிய இராணுவ அதிகாரி. ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டுபவர். 1938இல் பாரிஸுக்கும் பின்னர் ரோமுக்கும் சிற்பம் கற்கச் சென்ற ஜவாதை உலக யுத்தம் ஊருக்குத் திருப்பி அனுப்பியது. அந்தத் தடங்கல் அவருக்கு ஒரு வரமாக அமைந்தது எனலாம். பக்தாதின் தொல்பொருள் திணைக்களத்தில் வேலை கிடைத்து, சுமேரிய, அஸீரியச் சிற்பங்களை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. யுத்தம் முடிந்ததும் லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் பயின்றார். அங்கு உடன் பயின்ற ஆங்கிலேய ஓவியர் லோர்னா பின்னர் அவரது மனைவியானார்.

1951இல் ஷாகிர் ஹஸன் ஆல் ஸஈதுடன் இணைந்து அவர் 'பக்தாத் நவீன கலைக் குழு'வைத் தொடங்கினார். அக்குழுவின் கொள்கையை ஒரு சொல்லில் அடக்கலாம்: இஸ்தில்ஹாம். மரபிலிருந்து உள்ளுந்துதல் பெறுவது என்பது அதன் பொருள். மரபைப் பிரதி செய்வதும் அன்று, மேற்கைப் பிரதி செய்வதும் அன்று. 1237இல் அல்-ஹரீரியின் மகாமாத் நூலுக்கு ஓவியம் தீட்டிய யஹ்யா அல்-வாஸிதியை அவர்கள் தம் முன்னோடியாகக் கொண்டனர். இஸ்லாமிய நாகரிகத்தின் உச்சத்தில், அப்பாஸிய பக்தாதில், மனிதர்களையும் ஒட்டகங்களையும் சந்தைகளையும் வரைந்த ஒருவரைத் தம் வேராகக் கண்டமை, 'கலை மேற்கின் இரவல்' என்ற வாதத்துக்கு அவர்கள் அளித்த பதிலாகும்.

இந்தத் தலைமுறையை நமது வாசகர்கள் வேறொரு வழியாக அறிவார்கள். பத்ர் ஷாகிர் அஸ்ஸையாபும் நாஸிக் அல்-மலாஇகாவும் 1940களின் பிற்பகுதியில் அரபுக் கவிதையின் யாப்புக் கட்டை உடைத்துப் புதுக்கவிதைக்கு வழி திறந்ததும் இதே நகரில்தான். பலஸ்தீனத்திலிருந்து 1948இல் பக்தாதுக்கு வந்து சேர்ந்த நாவலாசிரியர் ஜப்ரா இப்ராஹீம் ஜப்ரா, ஜவாதின் குழுவிலும் ஒருவர். சுதந்திர நினைவுச் சின்னத்தைப் பற்றிப் பின்னர் ஒரு முழு நூலையே எழுதியவர் அவர். கவிஞர்களும் சிற்பிகளும் ஒரே தேடலில் இருந்தார்கள்: பழைய வடிவம் தரும் வலிமையை இழக்காமல் புதிய காலத்தைப் பேசுவது எப்படி?

நினைவுச் சின்னத்தின் வடிவத்தில் அத்தேடல் தெளிவாகத் தெரிகிறது. சாதிர்ஜி வரைந்தது ஒரு பிரமாண்டமான பதாகை. சுமார் 50 மீற்றர் நீளம், 10 மீற்றர் உயரம் கொண்ட, நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தப்பட்ட கற்பலகை. ஊர்வலத்தில் மக்கள் ஏந்திச் செல்லும் துணிப்பதாகை கல்லாகி நின்றாற்போல் அது தோன்றும். அதன்மேல் ஜவாத் 14 வெண்கலத் தொகுதிகளைப் பதித்தார். அவற்றில் 25 மனித உருவங்கள், ஒரு குதிரை, ஒரு காளை. அஸீரிய அரண்மனைச் சுவர்களின் புடைப்புச் சிற்ப வரிசையும், ஈரக் களிமண்ணில் உருட்டப்படும் சுமேரிய உருளை முத்திரையின் தடமும் இதில் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

இதை வலமிருந்து இடமாக 'வாசிக்க' வேண்டும், ஓர் அரபுக் கவிதை வரியைப் போல. வலக்கோடியில் மூர்க்கமாகத் தலையைத் திருப்பும் குதிரை; அதன்மேல் வீற்றிருக்கும் வெற்றி வீரர் எவரும் இல்லை. மோட்டையும் பைஸலையும் சுமந்த குதிரைகளை இங்கு நினையாதிருக்க முடியாது. அடுத்துப் பதாகை ஏந்திய ஆர்ப்பாட்டக்காரர்கள், ஒரு குழந்தை, அழும் பெண், கொல்லப்பட்ட மகனின்மீது குனிந்த தாய், குழந்தையை அணைத்த இன்னொரு தாய். நடுப்பகுதியில் அரசியல் கைதி சிறைக் கம்பிகளை வளைக்கிறான். படைவீரன் பாய்ந்து வெளிவருகிறான். தீபமேந்திய பெண்ணாகச் சுதந்திரம் எழுகிறது. அதன் பின் வரியின் ஓசையே மாறிவிடுகிறது. அமைதி, இரு பெண்களாக உருவகிக்கப்பட்ட தஜ்லா, புராத் நதிகள், உழவர்கள், காளை, இறுதியில் தொழிலாளி. வலப்பக்கத்தின் கொந்தளிப்பு இடப்பக்கத்தில் அடங்கி நிலைகொள்கிறது.

இத்தனை உருவங்களுள் ஒருவருடைய உருவம் மட்டும் இல்லை. புரட்சியின் தலைவரும் இவ்வேலையை ஒப்படைத்த அரசின் பிரதமருமான அப்துல் கரீம் காஸிமுடையது அது. அவரது உருவத்தையும் சேர்க்குமாறு அழுத்தம் வந்ததாகவும், ஜவாத் அதற்கு இணங்கவில்லை என்றும் அவரை அறிந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். அரசின் பணத்தில், அரசின் கட்டளையின் பேரில், அரசு பதவிக்கு வந்த நாளைப் போற்றுவதற்காகவே செய்யப்படும் ஒரு வேலையில் இவ்வாறு மறுப்பது எளிதான காரியமன்று.

வெண்கல வார்ப்புகள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செய்யப்பட்டன. அங்கு சிற்பம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் முஹம்மத் கனி ஹிக்மத் அவருக்கு உதவினார். மிகக் குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய பணியை முடிக்கவேண்டிய நெருக்கடி ஜவாதின் உடலையும் மனத்தையும் வாட்டியது. 1961 ஜனவரியில், வார்ப்புகள் பக்தாதில் பொருத்தப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மாரடைப்பால் அவர் காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. தன் படைப்பு முழுமை பெற்று நின்றதை அவர் காணவேயில்லை. எஞ்சிய பணியை லோர்னாவும் நண்பர்களும் நிறைவு செய்ய, அதே வருடம் அது திறந்துவைக்கப்பட்டது.

1963 பெப்ரவரியில் காஸிம் ஆட்சி கவிழ்க்கப்பட்டு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது முகம் அந்தப் பலகையில் இருந்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அதில் அழிப்பதற்கு ஒரு பெயரோ முகமோ இருக்கவில்லை. அழும் தாயை எந்தக் கட்சியின் எதிரி என்று சொல்வது?

சாதிர்ஜியின் இன்னொரு படைப்புக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. தெஸிபொன் அரண்மனையின் பெருவளைவை நினைவூட்டும் வகையில் 'பெயரறியாப் படைவீரன்' நினைவுச் சின்னத்தை அவர் 1959இல் அமைத்திருந்தார். 1980களின் தொடக்கத்தில் ஸதாமின் அரசு அதை இடித்தது. அது நின்ற இடம் வேறெதுவுமன்று, பிர்தௌஸ் சதுக்கமேதான். பெயரற்ற வீரனுக்குரிய இடத்தில் இருபது வருடங்களின் பின் பெயருள்ள ஆட்சியாளர் ஏறி நின்றார். ஒரு வருடத்தில் அவரும் வீழ்ந்தார்.

ஸதாம் காலத்துச் சிற்பங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமாகாது. ஈரானுடனான போரில் மாண்டவர்களுக்காக இஸ்மாயீல் ஃபத்தாஹ் 1983இல் நிறைவு செய்த தியாகிகள் நினைவுச் சின்னம், நீலப் பச்சை ஓடு பதித்த 40 மீற்றர் உயரக் குவிமாடம். நடுவே பிளந்து, இரு பாதிகளும் ஒன்றையொன்று விலகி நிற்கின்றன. அதில் முகமில்லை, பிளவின் ஊடே வானம் தெரிகிறது. ஆறு வருடங்களின் பின் அதே போருக்கு எழுப்பப்பட்ட வெற்றி வளைவு நேர்மாறானது. இரு முன்கைகள் வாளேந்தி நிலத்தைப் பிளந்து எழுகின்றன. அக்கைகள் ஸதாமின் சொந்தக் கைகளை அச்செடுத்துப் பெருப்பிக்கப்பட்டவை. அடியில் ஈரானியப் படைவீரர்களின் தலைக்கவசங்கள் கொட்டப்பட்டிருந்தன. அதை வடிவமைத்த காலித் அல்-ரஹ்ஹாலும், அவர் இறந்த பின் முடித்துக்கொடுத்த முஹம்மத் கனியும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். திறமை இருந்தும் சிந்தனை இன்னொருவரின் கையில் சிறைப்பட்டால் நேர்வது அதுவே.

இவ்விடத்தில் நம்மிடையே எழக்கூடிய ஒரு கேள்வியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. முழு உருவச் சிற்பம் வடிப்பதை மத்ஹபுகளின் இமாம்களுள் பெரும்பான்மையோர் தடுத்துள்ளனர். எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் அப்துஹு போன்றோர், வழிபாட்டு அச்சம் நீங்கிய இடத்தில் அச்சட்டத்தின் காரணத்தை நோக்கவேண்டும் என்று வேறுவிதமாகக் கருதினர். இந்த மார்க்க விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் ஒன்றை நினைவுகூரலாம். நூஹ் நபியின் சமூகத்தார் வணங்கிய வத்து, ஸுவாஃ முதலியோர் ஆதியில் நல்ல மனிதர்களாக வாழ்ந்தவர்கள் என்றும், அவர்கள் மறைந்த பின் நினைவுக்காக வைக்கப்பட்ட உருவங்களே காலப்போக்கில் வணக்கத்துக்குரியனவாக மாறின என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் விளக்கம் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தனிமனிதரின் நினைவுச்சிலை தனிமனித வழிபாடாக முதிரும் என்ற அந்த எச்சரிக்கை, மார்க்கத்துக்கு மட்டுமன்றி அரசியலுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு 20ஆம் நூற்றாண்டுப் பக்தாத் சாட்சி. ஒரு தலைவரின் உருவத்தை வடிக்க மறுத்த ஜவாத் ஸலீம், தான் அறிந்தோ அறியாமலோ, அந்த எச்சரிக்கையின் பக்கமே நின்றார்.

2003இன் பின்னர் சிலையுடைப்பு வேறு திசைகளிலும் சென்றது. பக்தாதை நிர்மாணித்த கலீபா அல்-மன்ஸூரின் சிலை 2005இல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. நூதனசாலை சூறையாடப்பட்டது. நவீன கலைத் தொகுப்பின் படைப்புகள் சந்தைக்குப் போயின. காணாமற் போனவற்றைத் தேடி மீட்கும் பணியில் முதுமையிலும் ஈடுபட்டவர் முஹம்மத் கனி. மீண்டவற்றுள் அவரது ஆசான் ஜவாத் மரத்தில் செதுக்கிய 'தாய்மை'யும் ஒன்று. வெற்றி வளைவை முடித்துக்கொடுத்த அதே மனிதரின் வாழ்வில் இதுவும் ஒரு பக்கம்.

2019 ஒக்டோபரில் ஊழலுக்கும் வேலையின்மைக்கும் எதிராக ஈராக்கிய இளைஞர்கள் கிளர்ந்தபோது அவர்கள் கூடிய இடம் தஹ்ரீர் சதுக்கம். மாதக்கணக்கில் கூடாரமடித்து அந்தக் கற்பதாகையின் கீழ் அமர்ந்திருந்தார்கள். காயமடைந்தவர்களை முச்சக்கர வண்டிக்காரர்கள் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றார்கள். போராட்டக்காரர்கள் நடத்திய செய்தித்தாளுக்கு அந்த வண்டியின் பெயரையே வைத்தார்கள். அந்த மாதங்களில் நாடெங்கும் 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் எவரும் 1958ஐக் கண்டவர்கள் அல்லர். காஸிமின் அரசு தனது புரட்சிக்காகக் கேட்டு வாங்கிய சிற்பம், அறுபது வருடங்களின் பின் வேறோர் அரசை எதிர்த்தவர்களுக்குச் சொந்தமாகியிருந்தது.

மேலே, பலகையின் வலப்பக்கத்தில், கொல்லப்பட்ட மகனின்மீது குனிந்திருக்கும் வெண்கலத் தாய். கீழே, சதுக்கத்தில், பிள்ளைகளின் படங்களை ஏந்தி வந்த தாய்மார்.