கரிசல் எறும்பும் பொடிக் காலமும்

புரட்டாசி பிறந்துவிட்டால் பசுவந்தனை வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் விதை விழ ஆரம்பித்துவிடும். மழை அதற்குப் பிறகுதான் வரும். கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கரிசல் பூமிக்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் 700 மி.மீ. மழைதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஈரம் பட்ட பிறகு உழப்போனால் கரிசல் மண் கலப்பையில் அப்பிக்கொண்டு நகர விடாது. அதனால் காய்ந்த மண்ணிலேயே கம்பையும் சோளத்தையும் உளுந்தையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது இங்கே பழக்கம். வேளாண் துறை இதற்கு முன்பருவ விதைப்பு என்று பெயர் வைத்திருக்கிறது. போட்ட விதை மண்ணுக்குள் பத்து நாளும் கிடக்கலாம், இருபது நாளும் கிடக்கலாம். அந்த நாட்கள் எறும்புக்குச் சொந்தம்.

எல்லா எறும்பும் ஒன்றல்ல என்பது காட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். கறுப்பாக, கடிக்காமல், கூட்டமாக ஓடித் திரிகிற பிள்ளையார் எறும்பை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். கட்டெறும்பு கடித்தால் கடுக்கும், ஆனால் படையாக வராது. வம்பு பிடித்தது செந்நிற நெருப்பெறும்பு. வரப்பின் வெயில் படும் பக்கத்தில், பொடித்த மண்ணைச் சல்லடையில் சலித்துக் கொட்டினதுபோல் ஒரு திட்டு இருக்கும். அதைச் சுற்றிப் புல்விதையின் உமியும் சக்கையும் கிடக்கும். காலை வைத்தால் சில நொடிகளுக்கு ஒன்றும் நடக்காது. பிறகு கணுக்காலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஒரே நேரத்தில் தீப்பட்ட மாதிரி சுருக்கென்று எரியும். தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வாலைச் சுருட்டிக் கொடுக்கால் குத்துகிறது இந்த எறும்பு. கூட்டத்தில் சில வேலைக்காரிகளுக்கு மட்டும் தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக, நடுவே பள்ளம் விழுந்து இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். அந்தத் தலைக்குள் இருப்பதெல்லாம் தாடைத் தசை. விதையை உடைத்து மாவாக்குவது அவற்றின் பொறுப்பு.

விதையோடு இதன் வேலை முடிவதில்லை. பொரித்த கோழிக்குஞ்சு, ஈன்ற ஈரம் காயாத ஆட்டுக்குட்டி என்று ஓட முடியாத எதையும் மொய்த்துவிடும். கண்ணைத்தான் முதலில் தேடும். வேம்பூர் ஆடும் கொடி ஆடும் வளர்க்கிற பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

பிழைப்புக்கு இடைஞ்சல் என்றாலும் எறும்பைத் தமிழ் நிலம் வெறுத்ததாகத் தெரியவில்லை. புறநானூற்றின் 173-ஆம் பாட்டில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சிறுகுடிப் பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு வரிசையாகப் போகிற பிள்ளைகளுக்கு, மழை வருமுன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும் எறும்புச் சாரையை உவமை சொல்கிறான். சாரை மேட்டுக்கு ஏறினால் மழை என்று கணக்குப் போடும் வழக்கம் இன்றும் ஊர்ப்பக்கம் உண்டு. வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுவது எறும்புக்கு இடும் அன்னம் என்றுதான் வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள்.

ஆகவே பழைய முறைகள் பெரும்பாலும் தடுப்பு வேலைகள். சாணிப்பாலில் புரட்டிக் காயவைத்த பருத்தி விதையின் பஞ்சு அமுங்கி, விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் விழும். எறும்புக்கும் அது அவ்வளவு பிடிக்காது. களத்தில் குவித்த தானியத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பல். குலுக்கையில் கொட்டும்போது இடையிடையே வேப்பிலை, நொச்சி இலை. பலகாரப் பானை உறியில் ஏறும். பெட்டியின் கால்கள் தண்ணீர்ச் சட்டியில் நிற்கும். சித்திரையில் கோடை உழவு போட்டால், பாளம் பாளமாக வெடித்த மண்ணின் இடுக்கில் இருந்த புற்றுகள் வெயிலுக்கு வந்துவிடும். எதற்கும் மசியாத புற்றுக்கு, சோறு வடித்த கொதி கஞ்சி. இவ்வளவையும் செய்து, கைப்பிடி விதையைக் கூடுதலாகவே போடுவார்கள்.

இந்த நெருப்பெறும்பு கரிசலின் பூர்வகுடி அல்ல. சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா என்று அறிவியல் அழைக்கும் இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. உலகின் பல மூலைகளிலிருந்தும் சேகரித்த எறும்புகளின் மரபணுவை ஒப்பிட்டு 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதன் பயணத்தைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் கப்பல்களோடு சேர்த்துக் காட்டியது. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிப்போன கப்பல்கள் எடை சரிக்கட்ட மண்ணையும் அடியில் போட்டுக்கொள்ளும். போன இடத்தில் அந்த மண்ணைக் கொட்டிவிட்டுச் சரக்கு ஏற்றுவார்கள். மண்ணோடு எறும்பும் இறங்கியது. அங்கிருந்து ஆசியத் துறைமுகங்களுக்குப் பரவியது. மிளகாயும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தவைதான். கரிசல்காட்டு மிளகாய்ச் செடியும் அதன் அடியில் புற்று வைத்திருக்கும் நெருப்பெறும்பும், பார்க்கப்போனால், ஒரே திசையிலிருந்து வந்தவை.

சென்னை மாகாணத்தில் இதை எழுத்தில் பதிந்தவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மருத்துவர். பறவை நூல்களுக்காகப் பெயர் பெற்றவர். தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851-ல் மெட்ராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார். அதில் புதிய இனம் என்று கருதி அவர் பெயர் சூட்டிய செவ்வெறும்பு ஒன்று, ஏற்கெனவே 1804-ல் விவரிக்கப்பட்ட அமெரிக்க நெருப்பெறும்புதான் என்று பின்னால் தெரிந்தது. உள்ளூர் எறும்பு என்று நம்புகிற அளவுக்கு அதற்குள் அது இங்கே ஊன்றிவிட்டிருந்தது.

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை 1901-ல் தொடங்கியது. பருத்தியும் மானாவாரித் தானியங்களும் அதன் முதன்மைக் கவலை. பூச்சிகளைப் பற்றிய அறிவு கோயம்புத்தூரிலிருந்து வந்தது: சென்னை அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் 1914-லும், டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940-லும் வெளிவந்தன. கொதிநீர், மண்ணெண்ணெய்க் குழம்பு, புற்றுக்குள் ஊற்றும் கார்பன் பைசல்பைடு என்பவைதான் அந்தத் தலைமுறை அதிகாரிகளின் கையில் இருந்த ஆயுதங்கள். மானாவாரி விவசாயிக்கு அதில் கட்டுப்படியானது கொதிநீர் மட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. ஆலை வந்தது, இந்தியாவின் பூச்சிமருந்து உற்பத்தி அங்கிருந்துதான் கணக்கிடப்படுகிறது. சில ஆண்டுகளில் பி.எச்.சி. பத்து சதத் தூள் கிராமத்து உரக்கடை வரை வந்துவிட்டது. மக்கிய வாடை அடிக்கும் அந்தப் பொடியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து வரப்பு நெடுகத் தட்டிக்கொண்டே போவார்கள். விதையோடு கலந்தார்கள், கோழிக்கூண்டில் தூவினார்கள், நெல் மூட்டைக்கு அடியில் போட்டார்கள். மூக்கில் துண்டு கட்டியவர்கள் குறைவு. தூவின மறுநாள் எறும்பு ஒன்றும் கண்ணில் படாது; அதைப் பார்த்தவர்களுக்குச் சாம்பலும் சாணியும் பழங்கதை ஆகிவிட்டன.

இதே பொடிக் காலத்தின் பெரிய அரங்கம் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். அங்கே 1930-களில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் வந்திறங்கிய எறும்பு, ஜெமினாட்டாவின் தென் அமெரிக்க உறவினரான சொலெனாப்சிஸ் இன்விக்டா. 1957-ல் அதை ஒழிக்க அமெரிக்க வேளாண் துறை ஹெப்டாகுளோர், டீல்ட்ரின் என்ற மருந்துகளை விமானத்திலிருந்து கொட்டத் தொடங்கியது. பறவைகளும் கால்நடைகளும் மீன்களும் செத்து விழுந்ததை ரேச்சல் கார்சன் 1962-ல் தன் மௌன வசந்தம் நூலில் விரிவாக எழுதினார். அடுத்து வந்த மைரெக்ஸ் என்ற மருந்தும் 1978-க்குள் கைவிடப்பட்டது. மருந்தில் உள்ளூர் எறும்புகளும் சேர்ந்தே அழிந்ததால், காலியான நிலத்தை முதலில் பிடித்துக்கொண்டது எந்த எறும்பை ஒழிக்கப் போனார்களோ அதே எறும்புதான்.

ஏன் அப்படி என்பது புற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. இரை தேட வெளியே வருவது வேலைக்காரிகளில் ஒரு பகுதி மட்டுமே. ராணி அடியாழத்தில் இருக்கும். கரிசலின் வெடிப்பு அதற்கு வசதியான சுரங்கம். பொடி மேலே இருப்பவற்றைக் கொல்லும், ராணியைத் தொடாது. தொந்தரவு பட்ட புற்று நாலு முழம் தள்ளி வேறொரு திட்டில் எழும். தூவினவருக்கு அது புதுப் புற்றாகத் தெரியும். இன்னொரு பொட்டலம் வாங்குவார்.

இந்தியாவில் பொடிக் காலம் சட்டத்தால் படிப்படியாக முடிந்தது. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததன் தொடர்ச்சியாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1989-ல் டி.டி.டி. விவசாயத்திலிருந்து விலக்கப்பட்டது. ஹெப்டாகுளோர், குளோர்டேன், ஆல்ட்ரின் 1996-ல் தடையாயின, பி.எச்.சி. 1997 ஏப்ரல் 1 முதல். அதன் வீரியமான பகுதியான லிண்டேன் 2013 வரை தாக்குப்பிடித்தது. 2018-ஆம் ஆண்டு ஆணை மீத்தைல் பாரத்தியானையும், 2020 இறுதியோடு ஃபோரேட் குருணையையும் கடையிலிருந்து எடுத்தது. சுமார் அரை நூற்றாண்டில் ஒவ்வொரு மருந்தும் போனபோதும் நெருப்பெறும்பு வரப்பில்தான் இருந்தது.

அதற்குள் பருத்திக்காட்டில் வேறொரு கணக்கும் தெரிய வந்தது. 2000-களின் நடுவில் இந்தியப் பருத்தியை மாவுப்பூச்சி தாக்கியது. வெள்ளை மாவு பூசிய இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் பீனகாக்கஸ் சொலெனாப்சிஸ். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நெருப்பெறும்புப் புற்றில் கிடைத்ததால், 1898-ல் டின்ஸ்லி என்பவர் எறும்பின் பெயரையே அதற்கு வைத்தார். செடியின் சாற்றை உறிஞ்சி மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை எறும்பு குடிக்கும். பதிலுக்கு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் முட்டையிட வரும் குளவியையும் விரட்டும். கடைசியில் மாவுப்பூச்சியை அடக்கியதில் ஏனேசியஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிக்குப் பெரிய பங்கு உண்டு. செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பார்ப்பது அதன் பிறகுதான் பருத்திக்காரர்களுக்கு அவசியமானது.

எறும்பின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் தத்துப்பூச்சியையும் புழுவையும் இதே ஜெமினாட்டா வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். களைப்புல்லின் விதையையும் அது வாரிக்கொண்டு போகிறது. முழுக்க ஒழிக்க நினைப்பது நடவாத காரியம் மட்டுமல்ல, விவசாயிக்கு லாபமுமில்லை.

எறும்பு எந்த அளவுக்குப் போகும் என்பதைத் தமிழ்நாடு 2022 ஆகஸ்டில் பார்த்தது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை ஒட்டிய கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது. இது குத்தாது; ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடுமாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. மலையில் கால்நடையோடு தங்கியிருந்தவர்கள் இடம் பெயர்ந்தார்கள். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இருக்கும் எறும்பு அது. நெருப்பெறும்பைப் போலவே இதுவும் சரக்கோடு சரக்காக ஊர் சுற்றும் இனம்.

இப்போது உலகமெங்கும் கையாளும் முறை இரை வைப்பது. பிரிஸ்பேனில் 2001-ல் இன்விக்டா கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஆஸ்திரேலியா இதைத்தான் பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறது. வளர்ந்த எறும்பால் கெட்டி உணவை விழுங்க முடியாது. வேலைக்காரிகள் கொண்டுவருவதைப் புழுக்கள் தின்று கரைத்துக் கொடுக்க, அது வாய்க்கு வாய் மாறி ராணி வரை போகும். மருந்து உடனே கொன்றால் வழியிலேயே நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் தாமதித்துக் கொல்ல வேண்டும். எண்ணெயில் ஊறிய மக்காச்சோளக் குருணையில் மெல்லக் கொல்லும் மருந்தைக் கலப்பது இந்தக் காரணத்தால்தான். சிறு அளவில் செய்கிறவர்கள் வெல்லத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு போரிக் பவுடரைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கிறார்கள். பங்கு கூடினால் எறும்பு தொடாது, தொட்டாலும் புற்றுக்குப் போகுமுன் செத்துவிடும். கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிப் பக்கத்தில் இரைக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

வைக்கும் நேரம் முக்கியம். உச்சி வெயிலில் கரிசல் கொதிக்கும்போது எறும்பு மேலே வராது. பொழுது சாய்ந்து மண் ஆறிய பிறகு வைக்க வேண்டும். ஆடும் கோழியும் குழந்தைகளும் எட்டாதபடி, ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். புற்றைக் குச்சியால் கிளறிவிட்டு இரை வைத்தால் பயனில்லை, கலைந்த கூட்டம் தின்னாது. இரை நனைந்தாலும் வீண். ஆகவே ஆவணிக் கடைசியிலிருந்து முதல் மழைக்குள் இது முடிந்தாக வேண்டும். விதைப்புக்கான அவகாசமும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். எந்த வரப்பில், எந்தப் பக்கம், எத்தனை புற்று என்று நடந்து பார்த்து வைத்திருப்பவருக்கு அது ஒரு சாயங்கால வேலை.