ஒரே மாணவர், இரண்டு கேள்விகள்: ஆக்ஸ்ஃபோர்டு பி.சி.எல்., ஹார்வர்டு எல்.எல்.எம்.

சட்டப் படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டு மேற்படிப்புக்கு முயலும் நம் மாணவர்களின் பட்டியலில் இரண்டு பெயர்கள் அநேகமாகச் சேர்ந்தே வருகின்றன: ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல்., ஹார்வர்டின் எல்.எல்.எம். இரண்டும் ஓராண்டுப் படிப்பு. இந்தியச் சட்டப் பட்டத்தோடு இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் ஜே.டி. படிப்புக்குக் கேட்கும் எல்சாட் தேர்வு இரண்டுக்கும் வேண்டாம். இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்ததும், ஒரே நோக்க அறிக்கையில் (எஸ்.ஓ.பி.) பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி இரண்டு இடத்துக்கும் அனுப்பத் தோன்றும். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடச் சறுக்குவது இங்கேதான். இரண்டு சட்டப் பள்ளிகளும் கேட்கும் கேள்விகள் வேறு வேறு.

பி.சி.எல். (பேச்சிலர் ஆஃப் சிவில் லா) என்பதன் பெயரில் ‘இளநிலை’ என்ற சொல் இருந்தாலும் அது முதுநிலைப் படிப்பு. ஆங்கிலேய காமன் லா மரபில் சட்டம் பயின்றவர்களுக்கானது. ஐரோப்பிய குடிமைச் சட்ட மரபில் படித்தவர்களுக்கு எம்.ஜூர். என்ற இணைப் படிப்பு தனியே உண்டு. ஆண்டு முழுவதற்கும் நான்கு பாடங்கள்; விரும்பினால் அவற்றில் ஒன்றுக்கு ஈடாக ஆய்வேடு எழுதலாம். பாடங்கள் குறைவு, ஆழம் அதிகம். ஒரு பாடத்துக்குள்ளே மாதக்கணக்கில் மூழ்கியிருந்துவிட்டு ஆண்டின் முடிவில் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பமும் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது: முதல் வகுப்பு மதிப்பெண், பெரும்பாலும் பாடம் நடத்திய ஆசிரியர்களிடமிருந்து மூன்று பரிந்துரைக் கடிதங்கள், சட்டப் பொருள் ஒன்றைப் பற்றிய கட்டுரை. வாழ்க்கைக் கதைக்கு அங்கே அதிக இடமில்லை. ‘ஒரு சட்டக் கருத்தை எவ்வளவு தூரம் விடாமல் துரத்திச் செல்வாய்?’ என்பதே ஆக்ஸ்ஃபோர்டின் கேள்வி.

ஹார்வர்டு வகுப்பில் ஏறத்தாழ 180 பேர். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறார்கள். நீதிபதி, அரசு அதிகாரி, மனித உரிமை வழக்கறிஞர், பெருநிறுவன வழக்கறிஞர் எல்லாரும் அருகருகே அமரும் வகுப்பு அது. விண்ணப்பத்தில் எழுத வேண்டிய அறிக்கைக்கு இரண்டு பகுதிகள். இரண்டும் சேர்த்து 1,500 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது அண்மை ஆண்டுகளின் வரம்பு. முதல் பகுதியில் ஒரு சட்டச் சிக்கலை எடுத்து, அதைத் தீர்க்கும் வழியை முன்வைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் இதுவரை செய்ததையும் இனிச் செய்யப்போவதையும் இந்தப் படிப்பு எப்படி இணைக்கிறது என்று சொல்ல வேண்டும். பரிந்துரைக் கடிதங்கள் குறைந்தது இரண்டு. ‘இந்தப் படிப்பைக் கொண்டுபோய் எங்கே பயன்படுத்துவாய்?’ என்பது ஹார்வர்டின் கேள்வி.

இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி இறப்பவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு என்ற பொருளை ஒரு மாணவர் எடுத்துக்கொள்கிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய இறப்புக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு எழுதும்போது கேள்வி கருத்துக்குள் இறங்க வேண்டும். அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டதற்காக நீதிமன்றம் தரும் இழப்பீடும், தீங்கியல் சட்டத்தின்படி கிடைக்கும் இழப்பீடும் ஒன்றா, வேறா? உரிமை மீறலுக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு தந்த 1983-இன் ருதுல் ஷா தீர்ப்பிலிருந்து இந்தக் கருத்து எப்படி வளர்ந்தது? எங்கே முரண்படுகிறது? ஹார்வர்டுக்கு எழுதும்போது அதே பொருள் தெருவுக்கு வர வேண்டும். சட்டம் இருந்தும் சாவு நிற்காதது ஏன்? ஒப்பந்தக்காரரைக் காட்டி உள்ளாட்சி அமைப்பு கைகழுவாமல் இருக்க எந்த விதியை மாற்ற வேண்டும்? அதை மாற்றும் வேலையில் எழுதுபவரின் பங்கு என்ன? பொருள் ஒன்று; கட்டுரைகள் இரண்டு. ஒன்றை வெட்டிச் சுருக்கினால் மற்றொன்று கிடைத்துவிடாது.

பணத்திலும் பாதை பிரிகிறது. ஹார்வர்டில் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல். அங்கே நிதியுதவி தேவையைப் பார்த்துத் தரப்படுகிறது. வருமானமும் சொத்தும் கணக்கில் வரும். மானியத்தோடு கடனும் சேர்ந்திருக்கும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் தங்கும் செலவும் அதிலேயே அடங்கும். ஆனால் அதன் கடைசி நாள் பி.சி.எல். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும். சேர்க்கை கிடைத்த பிறகு பணத்தைத் தேடலாம் என்று இருப்பவர்களுக்கு அந்தக் கதவு அதற்குள் மூடியிருக்கும். கையிருப்பில்லாத வீட்டுப் பிள்ளைகள் முதலில் குறித்துவைக்க வேண்டிய தேதி அதுதான்.

இரண்டு பாதையிலும் நம் பக்கத்து மனிதர்கள் நடந்திருக்கிறார்கள். கொர்னேலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். தேர்வு எழுதினார்; அதை எழுதிய முதல் பெண் அவர். பெண்களுக்குப் பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் அப்போது முன்வரவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1922-இல்தான் அவர் பட்டத்தைக் கையில் வாங்கினார். இலங்கைத் தமிழரான நீலன் திருச்செல்வம் ஹார்வர்டில் முதுநிலையும் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது தம் நாட்டில் மக்கள் மட்டத்தில் நீதி வழங்கும் முறைகளைத்தான். படிப்பை முடித்து நாடு திரும்பி, இனப் பிரச்சினைக்கான அரசியலமைப்புவழித் தீர்வுக்காக உழைத்தார். 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் மேனகா குருசாமி இரண்டு பள்ளிகளிலும் படித்தவர். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்திய 2018-ஆம் ஆண்டு வழக்கில் வாதாடினார்.

எது உயர்ந்தது என்ற கேள்விக்கு ஒப்பீட்டில் விடை இல்லை. ஆசிரியராகவோ, மேல்முறையீட்டு வழக்குகளில் கருத்தை நுணுக்கி வாதிடுபவராகவோ ஆக விரும்புகிறவருக்கு பி.சி.எல். பொருந்தும். சில ஆண்டுகள் வேலை பார்த்து, ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டி, அதற்கு விடை தேடிப் புறப்படுகிறவருக்கு ஹார்வர்டு பொருந்தும். உங்களுக்கு எது என்று தெரிய ஒரு வழி உண்டு. விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன், உங்களை உறுத்தும் ஒரு வழக்கை எடுத்து, மேலே சொன்ன இரண்டு விதத்திலும் இரண்டிரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எதை எழுதும்போது நேரம் போனதே தெரியவில்லையோ, அந்தப் பள்ளிக்கான விண்ணப்பத்தை முதலில் நிரப்புங்கள்.