கதிரவனை அறிந்த காரிகை

கதிரவன் எதனால் ஆனவன்?

ஏழு குதிரை பூட்டிய தேரிலே பவனி வரும் தேவன் என்றது இங்குள்ள புராணம். பழுக்கக் காய்ந்த கல்தான் அது என்று கூறிய கிரேக்க அறிஞன் அனக்சகோரஸ்மீது தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டியது ஏதென்ஸ் நகரம். வணங்கியவர் கோடி, வினவியவர் சிலர். அந்த வினாவுக்குச் சரியான விடையை முதன்முதலாக எழுதிய கை, ஓர் இளம்பெண்ணின் கை! ஆண்டு 1925. வயது 25. பெயர் சிசிலியா பேய்ன்.

விடையெழுதிய அதே கை, அந்த விடை உண்மையாயிராது என்றும் எழுத நேர்ந்தது. ஏன்? அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும், தோழர்களே!

1900-இல் இங்கிலாந்தில் பிறந்த சிசிலியா, 1919-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நியூன்ஹாம் மகளிர் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கே எடிங்டன் எனும் வானியல் அறிஞர், சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீன் கொள்கையைச் சோதித்துக் கண்டதைப்பற்றிச் சொற்பொழிவாற்றினார். தோழியொருத்தி போக இயலாததால் கிடைத்த நுழைவுச் சீட்டில் போய் அமர்ந்தார் சிசிலியா. அறைக்குத் திரும்பியதும் கேட்டது முழுவதையும் எழுதி வைத்தார். அன்று பிடித்தது வானியல் பித்து. வாழ்நாள் முழுதும் விடவில்லை.

ஆனால் அறிவுக் கோயில் என்று புகழப்பட்ட அந்தக் கேம்பிரிட்ஜ் அவரை எப்படி நடத்திற்று? அணுவின் உட்கருவைக் கண்டறிந்த ரூதர்போர்டின் வகுப்பிலே, விதிப்படி முன்வரிசையில் தனியே உட்கார வேண்டும். அவரைக் கூர்ந்து பார்த்தபடி “சீமாட்டிகளே, சீமான்களே!” என்று விளித்துப் பாடத்தைத் தொடங்குவாராம் பேராசிரியர், ஆண் மாணவர்கள் காலைத் தரையில் தட்டி ஆரவாரிப்பார்களாம். அணுவைத் துளைத்த அறிவு, ஆணவத்தைத் துளைக்கவில்லை!

1921-இல், பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கலாமா என்று வாக்கெடுத்தது பல்கலைக் கழகம். கூடாது என்பதே முடிவு. வென்ற களிப்பிலே மாணவர் கூட்டமொன்று கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, நியூன்ஹாம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளை மோதிச் சிதைத்தது. காட்டுமிராண்டிகளல்லர், கற்றவர்கள்! படித்தவனெல்லாம் பண்பட்டவனாவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? 1948-இல்தான் அப்பல்கலைக் கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது.

படிப்பை முடித்தும் பட்டமில்லை. இங்கிலாந்திலிருந்தால் பள்ளி ஆசிரியை வேலைக்குமேல் வழியில்லை. 1923-இல் கடல் கடந்து அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்குச் சென்றார். அங்கே கண்ணாடித் தகடுகளிலே பதிவான விண்மீன் ஒளிப்படங்கள் மலைபோற் குவிந்திருந்தன. அவற்றைப் பல்லாண்டு உழைத்துப் பகுத்து வைத்தோரும் பெண்களே. செவித்திறன் குன்றிய ஆனி ஜம்ப் கேனன் அம்மையார், ஏறத்தாழ 3,50,000 விண்மீன்களை வகைப்படுத்தினார். அவர்களுக்கு ‘கணிப்பொறியினர்’ என்பதுபோல் ஒரு பெயர். மணிக்குச் சில காசுகளே ஊதியம். தகட்டைப் பார்ப்பது பெண். தத்துவம் சொல்வது ஆண். இதுதான் அங்கே எழுதாத சட்டம்!

அந்தச் சட்டத்தை மீறினார் சிசிலியா. விண்மீனின் ஒளியைப் பிரித்தால் வரும் நிறமாலையிலே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கென இடும் கையெழுத்து அவை. கதிரவனின் நிறமாலையில் இரும்பு, கால்சியம் முதலியவற்றின் கோடுகள் மிகுதி. எனவே மண்ணும் விண்ணும் ஏறக்குறைய ஒரே சரக்கு என்று எண்ணினர் அறிஞர்கள். அங்கேதான் ஒரு கேள்வி எழுப்பினார் அவர்: கோடு அழுத்தமாயிருந்தால் பொருள் மிகுதியென்று ஆகிவிடுமா?

ஆகாது என்பதற்கு வழி காட்டியிருந்தார் நம் நாட்டு மேகநாத் சாகா. வங்கத்திலே, தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்த மேதை அவர். வெப்பம் மிகுந்தால் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும். எவ்வளவு வெப்பத்தில் எத்தனை அணுக்கள் இழக்கும் என்பதை 1920-இல் கணக்கிட்டுக் காட்டினார். கோட்டின் அழுத்தம் பொருளின் அளவை மட்டுமல்ல, வெப்பத்தையும் பொறுத்தது என்பது அதனால் விளங்கிற்று. அந்தச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டார் சிசிலியா. கிடைத்த விடை அவரையே திகைக்க வைத்தது. விண்மீன்களிலே மற்றெல்லாவற்றையும் விஞ்சி நிற்பது ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம், உலோகங்களோ சொற்பம்! சாதியால் தாழ்த்தப்பட்டவரின் கணக்கும், பாலால் தாழ்த்தப்பட்டவரின் ஆய்வும் சேர்ந்து கதிரவனின் உண்மையை வெளிக்கொணர்ந்தன.

ஆய்வுரை, அந்நாளில் அமெரிக்க வானியலின் பெருந்தலைவராக விளங்கிய ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் பார்வைக்குப் போயிற்று. இது நடக்கவே முடியாத ஒன்று என்று கடிதம் எழுதினார் அவர். அவர் மெச்சினால் எதிர்காலம், மறுத்தால் இருள். இளம்பெண் என் செய்வார்? ஹைட்ரஜன், ஹீலியம் பற்றிய அளவுகள் பெரும்பாலும் மெய்யல்ல என்று ஆய்வுரையிலே ஒரு வரி சேர்த்தார். 1633-இல் கலிலியோவை மண்டியிட வைத்தது மதபீடம்; 1925-இல் சிசிலியாவைத் தலைகுனிய வைத்தது அறிவுபீடம். பீடம் எதுவாயினும் பணிவைத்தான் கேட்கிறது!

நான்கே ஆண்டுகள். 1929-இல் வேறு வழியில் ஆராய்ந்த ரஸ்ஸல், அதே முடிவுக்கு வந்தார். சிசிலியாவின் ஆய்வையும் தம் கட்டுரையிலே குறிப்பிட்டார். அந்த நேர்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உலகம் நெடுங்காலம் யார் பெயரைச் சொல்லிற்று? ரஸ்ஸலின் பெயரை! பெண் சொன்னபோது பிழை. ஆண் சொன்னபோது அறிவியல்!

பிறகும் அவர் ஓயவில்லை. மணம் புரிந்தார், மூன்று மக்களைப் பெற்றார், ஆய்வையும் தொடர்ந்தார். அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை ஹார்வர்டின் பாடப் பட்டியலில் இடம்பெறவில்லை. 1956-இல்தான் முழுப் பேராசிரியர் பதவியும், துறைத் தலைமையும் கிட்டின. 1962-இல் ஆட்டோ ஸ்ட்ரூவ் எனும் அறிஞர், வானியலிலே எழுதப்பட்ட முனைவர் ஆய்வுரைகளில் அதுவே மிகச் சிறந்தது எனும் பொருள்பட எழுதினார். 1976-இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்கு உயரிய சிறப்பொன்றை அளித்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் விருது! மறுத்தவர் பெயரிலேயே மகுடம் வந்தது, அரை நூற்றாண்டு கழித்து. 1979-இல் மறைந்தார் அம்மையார்.

கதை இத்துடன் முடியவில்லை. 1967-இல் துடிப்பு விண்மீனின் முதற் குறியைக் கண்டவர் ஜோசலின் பெல் எனும் ஆராய்ச்சி மாணவி; அதற்காக 1974-இல் நோபல் பரிசு பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்டோர் உண்டு. அவர்களுக்கு இதுதான் மறுமொழி: ஞாயிறு எனும் பேரடுப்பிலே என்ன எரிகிறது என்று சொன்னவரே ஒரு பெண்தான்! ஆனால் பெண்களைப் படிக்க வைத்தோம் என்று மார்தட்டுவது மட்டும் போதாது. படித்த பெண் ஆய்ந்து ஓர் உண்மையைச் சொல்லும்போது, சொன்னது யார் என்று பாராமல், சான்று என்ன என்று கேட்கும் காது வேண்டும். அந்தக் காதைப் பெற்றிருக்கிறோமா? நம் வீட்டில், நம் வகுப்பறையில், நம் மன்றத்தில், நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்!