சர்க்கரையை மறுத்தவர்கள்

வாங்குபவர் இன்றி விற்பவர் இல்லை என்னும் வாதம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தாம் கொல்லவில்லை, பிறர் கொன்றதை விலை கொடுத்து வாங்கியே உண்கிறோம் என்று அமைதி கொள்வோரின் அமைதியைத் திருக்குறளின் ‘புலால் மறுத்தல்’ அதிகாரம் கலைத்துவிடுகிறது. உண்பவர் பொருட்டே ஊன் விற்பவர் உண்டாகிறார் என்பது வள்ளுவர் காட்டும் உண்மை. குறளை அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஓர் ஆங்கிலேயர், 1791ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிலிருந்து, ஏறத்தாழ இதே வாதத்தைச் சர்க்கரையின்மேல் ஏற்றி எழுதினார். அவ்வெழுத்தைப் படித்த பல்லாயிரம் குடும்பங்கள் தங்கள் தேநீரில் இனிப்பு சேர்ப்பதை நிறுத்தின.

வணிகரைப் புறக்கணித்தலைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘பாய்காட்’ என்னும் சொல், 1880ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக் குத்தகைக் குடிகள், நிலக்கிழார் ஒருவரின் காரியக்காரராயிருந்த பாய்காட் என்பவரை முற்றிலும் ஒதுக்கி வைத்ததிலிருந்து பிறந்தது. சொல் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயல் தோன்றிவிட்டது. அது முதலில் இயக்கமாகத் தோன்றவில்லை. தனிமனிதர் சிலரின் மனவுறுத்தலாகவே தோன்றியது.

தனிமனித நோன்பு

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் செல்வத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் பெரும் ஊற்றாயிருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினர். ஆலைகளில் சாறு பிழிந்தனர். கொதிகொப்பரைகளின் முன் இரவும் பகலும் நின்றனர். அவர்கள் உழைப்பில் விளைந்த சர்க்கரையும், ரம் என்னும் சாராயமும் கடல் கடந்து இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் விலைபோயின. வாங்கியவர் கண்ணுக்குத் தோட்டம் தெரியவில்லை. தெரிந்தது வெண்மை நிறம் ஒன்றே.

தெரியாததைத் தெரிந்துகொண்டவர்களில் முன்னவர் பெஞ்சமின் லே. குவேக்கர் சமயப் பிரிவினரான இவர், பார்படோஸ் தீவில் கடை வைத்திருந்தபோது அடிமைகள் படும் துன்பத்தை நேரிற் கண்டவர். பின்னர் ஃபிலடெல்ஃபியா நகருக்கு அருகில் குகை போன்ற இல்லம் ஒன்றில் வாழ்ந்து, தம் உடையைத் தாமே நூற்று, அடிமை உழைப்பில் விளைந்த எதனையும் தீண்டாதிருந்தார். தேநீரும் சர்க்கரையும் தீங்கானவை என்று உணர்த்த, நகரச் சந்தையில் நின்று தேநீர்க் கிண்ணங்களைச் சுத்தியலால் உடைத்த நிகழ்ச்சியும் உண்டு. அவரைப் பித்தர் என்றே பலர் கருதினர்.

லேயின் சீற்றம் இல்லாத, ஆனால் அவரினும் ஆழ்ந்து சிந்தித்தவர் ஜான் வுல்மன் (1720–1772). நியூ ஜெர்சியில் தையற்காரராகவும் கடைக்காரராகவும் வாழ்ந்த எளிய மனிதர் அவர். இளைஞராயிருந்தபோது, அவருடைய முதலாளி தமக்கு உரிமையான ஒரு கறுப்பினப் பெண்ணை விற்று, அதற்கான கிரயச் சீட்டை எழுதித் தருமாறு பணித்தார். வுல்மன் எழுதிக் கொடுத்தார். எனினும், மனிதரை அடிமைகொள்வது கிறித்துவ நெறிக்கு முரணானது என்று அங்கேயே கூறினார். கூறியும் எழுதிய கையின் உறுத்தல் தீரவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சீட்டுக்கு எழுதிய விடை எனலாம்.

1757இல் தென் குடியேற்றங்களில் பயணம் செய்தபோது, அடிமைகளை வைத்திருந்தோர் இல்லங்களில் விருந்தினராகத் தங்க நேர்ந்தது. இலவசமாக உண்பது, அடிமையின் கூலியைத் தாம் உண்பதாகும் என்று கருதி, பணிசெய்த அடிமைகளுக்கு வெள்ளிக் காசுகள் சேருமாறு செய்தார். சாயமிட்ட துணியைத் துறந்தார், சர்க்கரையைத் துறந்தார். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்ல எண்ணிய காலத்தில் அவருக்கு ஒரு விந்தையான ஐயம் எழுந்தது. அடிமை உழைப்பின் சரக்கை ஏற்றுவதற்காகவே அக்கப்பல்கள் ஓடுகின்றன. பயணக் கட்டணம் மலிவாயிருப்பதற்கும் அதுவே காரணம். அந்த மலிவைத் தாம் ஏற்கலாமா என்பதே அவ்வையம். விலை குறைவாயிருப்பின், குறைந்த பங்கை வேறு எவரோ செலுத்தியிருக்கிறார் என்பதை இத்துணைத் தெளிவாக உணர்ந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

சாயமிடாத உடையும் தொப்பியும் அணிந்து திரிந்த அவரைக் கண்டு, தனித்துத் தோன்ற விரும்பும் வேடம் என்று தம் சமயத்தாரே ஐயுற்றனர். அவ்வையம் தம்மைப் பெரிதும் வருத்தியதை வுல்மன் தம் நாட்குறிப்பில் மறைக்கவில்லை. தாம் முன்பு கடையில் ரம்மும் சர்க்கரையும் விற்றதையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன் கையைக் கழுவிக்கொள்வதற்கும் பிறர் துயரைத் துடைப்பதற்கும் இடையே உள்ள தொலைவை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று. 1772இல் இங்கிலாந்து சென்று, குதிரைகளையும் சிறுவர்களையும் வாட்டிய அஞ்சல் வண்டிகளில் ஏற மறுத்து, நடந்தே ஊர்களைக் கடந்து, யார்க் நகரில் பெரியம்மை கண்டு மறைந்தார். நாட்குறிப்பு 1774இல் அச்சேறியது.

அடுக்களையில் எழுந்த கிளர்ச்சி

1787ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் பன்னிருவர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கென ஒரு குழு அமைத்தனர். ஒன்பதின்மர் குவேக்கர்கள். நாடெங்கும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆயினும் 1791 ஏப்ரலில் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தை நாடாளுமன்றம் 163க்கு 88 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. மன்றம் மறுத்ததை மக்கள் தம் வீட்டிலேயே செய்யலாம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

அவ்வாண்டிலேயே வில்லியம் ஃபாக்ஸ் என்பவர், மேற்கிந்தியச் சர்க்கரையையும் ரம்மையும் விலக்குமாறு வேண்டும் சிறு நூலொன்றை எழுதினார். மார்த்தா கர்னி என்னும் புத்தக வணிகப் பெண்மணி அதனை விற்றார். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் வெளிவந்தன. கடத்துபவர், விற்பவர், சாட்டையெடுப்பவர் ஆகிய அனைவரும் நுகர்வோரின் கூலியாட்களே என்பது நூலின் சாரம். அதனோடு ஒரு கணக்கும் இருந்தது. வாரத்துக்கு 5 ராத்தல் சர்க்கரை செலவிடும் ஒரு குடும்பம் அதனை 21 மாதங்கள் நிறுத்தினால், ஒரு மனிதர் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தவிர்க்கப்படும் என்றார் ஃபாக்ஸ். கணக்கின் துல்லியத்தை வினவலாம். ஆனால், எங்கோ கடலுக்கு அப்பால் நிகழும் ஒரு கொடுமையை ஒரு வீட்டின் தராசில் நிறுத்துக் காட்டியது அக்கணக்கே என்பதில் ஐயமில்லை.

வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு அடுக்களை உரிமை இருந்தது. என்ன வாங்குவது, எதை விலக்குவது என்பதை அவர்களே தீர்மானித்தனர். ஆதலின் ஆடவர் கூடிய மன்றத்தில் தோற்ற வழக்கு, பெண்கள் ஆண்ட சமையலறையில் மறு விசாரணைக்கு வந்தது. கடைக்காரர்களும் சிலர் இணைந்தனர். சஃபோக் மாவட்டத்து ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ரைட் என்னும் வணிகர், குற்றக்கறை குறைந்த வழியில் கிடைக்கும்வரை இனிச் சர்க்கரை விற்பதில்லை என்று 1792இல் நாளிதழில் அறிவித்தார். விற்பவரே விற்க மறுத்தது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி. சர்க்கரையை விட்டவர் தொகை மூன்று இலட்சம் என்று நாடு முழுதும் சுற்றிவந்த தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

ஏளனமும் இல்லாமலில்லை. 1792 மார்ச்சில் கில்ரே வரைந்த கேலிச்சித்திரத்தில், அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசியும் இனிப்பில்லாத தேநீரைப் புகழ, இளவரசியர் முகம் சுளிக்கின்றனர். சிக்கனத்துக்கு அறத்தின் முலாம் பூசுகிறார்கள் என்பது அவர் நகைப்பு. தோட்ட உரிமையாளர்களின் பக்கமோ, விற்பனை குறைந்தால் அடிமைகளே முதலில் பட்டினி கிடப்பர் என்று வாதிட்டது. ஒழிப்புக் குழுவும் தயங்கியது. மிதவாதிகள் விலகிவிடுவர் என அஞ்சிய வில்பர்ஃபோர்ஸ் இம்முறையை ஆதரிக்கவில்லை.

கவிஞர்களின் பங்கு

இவ்வியக்கத்தில் கவிஞர்களின் பங்கு தனியே எண்ணத்தக்கது. வில்லியம் கூப்பர் 1788லேயே, அடிமைகளுக்காக இரங்கிக்கொண்டே சர்க்கரையையும் ரம்மையும் விட இயலாதென்று சாக்குக் கூறும் ஒருவனின் குரலில் அங்கதப் பாடல் எழுதினார். தீர்மானம் தோற்ற 1791இல், அன்னா லெட்டீஷியா பார்போல்ட் வில்பர்ஃபோர்ஸுக்குச் செய்யுள் வடிவில் மடல் வரைந்து நாட்டின் மனச்சான்றைச் சாடினார். ராபர்ட் சதே, அருந்தும் பானத்தின் இனிப்பில் அடிமையின் குருதியைக் கண்டு பாடினார்.

அனைவரினும் கூர்மையான கேள்வியை எழுப்பியவர் கோல்ரிட்ஜ். அடிமைக் கப்பல்களால் வளம்பெற்ற பிரிஸ்டல் துறைமுக நகரிலேயே 1795இல் நின்று இப்பொருள் பற்றி உரையாற்றினார். மறு ஆண்டில் தம் இதழில் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். கற்பனைக் கதையின் நாயகன் துயரத்துக்குக் கண்ணீர் சொரியும் சீமாட்டி, அதே வேளையில் மெய்யான மனிதரின் துயரத்தால் இனித்த பானத்தைப் பருகுவதை அவர் இடித்துரைத்தார். இரக்கம் என்பது நெஞ்சின் நெகிழ்ச்சி மட்டுமன்று. அந்நெகிழ்ச்சி வாழ்க்கையில் எதையேனும் மாற்றவேண்டும் என்பதே அவர் கருத்து. இலக்கியச் சுவைஞரை நோக்கி ஒரு கவிஞர் கூறியது என்பதால் இதற்குத் தனி மதிப்புண்டு.

வென்றதும் வெல்லாததும்

சர்க்கரை மறுப்பு மட்டுமே அடிமை வணிகத்தை வீழ்த்தியது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1791 ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடியேற்றமான சான் டொமிங்கில் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்தனர். உலகச் சர்க்கரைச் சந்தையைக் குலுக்கியது அவ்வெழுச்சியே. விலை ஏறியதால் சர்க்கரையைக் குறைத்தவர்களும் பலராவர். 1792இல் படிப்படியான ஒழிப்புக்கு நாடாளுமன்றத்தின் கீழவை இசைந்தது, மேலவை தாமதித்தது. 1793இல் பிரான்சோடு போர் மூளவே, சீர்திருத்தம் பேசியோர் அனைவரும் ஐயத்துக்குள்ளாயினர். அடிமை வணிகம் 1807இல்தான் தடைசெய்யப்பட்டது. அடிமைமுறை அதன் பிறகும் நீடித்தது.

மறுப்பு மீண்டும் எழுந்தது 1824இல். லெஸ்டர் நகரைச் சேர்ந்த எலிசபெத் ஹேரிக் என்னும் பெண்மணி, படிப்படியாக அன்று, உடனடியாக விடுதலை வேண்டும் என்று துண்டு நூல் எழுதினார். தோழியருடன் வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று சர்க்கரையை விலக்க வேண்டினார். அடுத்த ஆண்டு பர்மிங்காமில் பெண்கள் சங்கம் தோன்றியது. ஆடவர் தலைமையிலான சங்கமோ தன் பெயரிலிருந்து ‘படிப்படியான’ என்னும் சொல்லை 1830இல்தான் நீக்கியது. தனிப்பட்ட மறுப்பு, அரசியல் உறுதியையும் வளர்க்கும் என்பதற்கு ஹேரிக் எடுத்துக்காட்டு.

ஆனால் ஒன்றை மறுப்பவர் வேறொன்றை வாங்குகிறார். மேற்கிந்தியச் சர்க்கரைக்கு மாற்றாகக் கிழக்கிந்தியச் சர்க்கரை முன்வைக்கப்பட்டது. அடிமைகள் செய்யாதது என்றும், ஆறு குடும்பங்கள் இதற்கு மாறினால் ஓர் அடிமை குறைவார் என்றும் பொறித்த சர்க்கரைக் கிண்ணங்கள் மேசைகளை அலங்கரித்தன. கிழக்கிந்தியச் சர்க்கரையை இறக்குமதி செய்த லிவர்பூல் வணிகர் ஜேம்ஸ் கிராப்பர், அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவர். அவர் பேசுவது அறமா ஆதாயமா என்ற கேள்வியை எதிர்த்தரப்பினர் விடாமல் எழுப்பினர். கிண்ணங்கள் கூறாத ஒன்றும் உண்டு. தஞ்சை முதலிய பகுதிகளில், கம்பெனி ஆட்சியின் கீழேயே பண்ணையடிமை முறை நிலவியது. அடிமைமீது கொண்ட உரிமையை இந்திய நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843இல்தான் வந்தது.

1834 ஆகஸ்டு முதல் நாள் பிரிட்டனின் குடியேற்றங்களில் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இழப்பீடாக ஒதுக்கப்பட்ட இரண்டு கோடி பவுன் உரிமையாளர்களுக்குச் சென்றது, உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1846இல் சர்க்கரைத் தீர்வைச் சட்டம் மாறியபோது, கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த மலிவுச் சர்க்கரைக்கு அதே பிரிட்டனின் சந்தை கதவைத் திறந்தது. அந்நாடுகளில் அடிமைமுறை 1886இலும் 1888இலும்தான் முடிவுற்றது. பாட்டிகள் மறுத்ததைப் பேத்திகள் மலிவு கருதி வாங்கினர்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீஷியசுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டால் சேர்ந்தது. பிஜித் தீவுக்கு 1879 முதல் வடவரும், 1903 முதல் தென்னாட்டினரும் சென்றனர். அங்குக் கரும்புத் தொழிலில் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனியே கோலோச்சியது. அடிமை என்ற பெயர் நீங்கியது. ஒப்பந்தம் என்ற பெயர் வந்தது. கிண்ணத்தில் பொறித்த வாசகம் எழுத்தளவில் மெய்யாயிற்று.

பெயர் மாற்றத்தில் மயங்காதவர் பாரதியார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் இந்தியப் பெண்கள் படும் துன்பத்தைப் பாடிய அவருடைய பாடல், கூப்பரும் கோல்ரிட்ஜும் நின்ற அதே இடத்தில் தமிழை நிறுத்தியது. கண் காணாத தொலைவில் விம்மும் ஒரு பெண்ணின் குரலை அது தமிழ்நாட்டின் காதுக்குக் கொண்டுவந்தது. இந்தியர் நடத்திய நெடிய கிளர்ச்சியின் பயனாகக் கூலி ஆள்சேர்ப்பு 1917இல் நின்றது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920ஆம் ஆண்டின் முதல் நாளில் நீக்கப்பட்டன.

வுல்மன் முதல் ஹேரிக் வரை, வாங்க மறுத்தவர்கள் எவரும் தம் மறுப்பினாலேயே உலகம் திருந்திவிடும் என்று நம்பியவர்கள் அல்லர். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இதைச் செய்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டவர்கள். ஒருமுறை கேட்டு விடை பெற்றதோடு நின்றவர்களின் மறுப்பு கிண்ணத்தின் வாசகமாக முடிந்தது. விடை மாறிய பின்னும் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களால்தான், சாட்டை கைமாறிய ஒவ்வொரு முறையும் அது கண்டுகொள்ளப்பட்டது. அக்கேள்வியைப் பாட்டில் காத்து வைத்தவர்கள் கவிஞர்கள் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.